பதினான்கு என்று அட்டையில் போட வேண்டாம்

சந்தியா,

முதலில் என்னை மன்னித்துக்கொள். எழுதுவது உன் வேலை, என் வேலை இல்லை. ஃபோனில் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதை இத்தனை தாளில் எழுதிக் கோயம்புத்தூர் வரைக்கும் தபாலில் அனுப்புகிற அம்மா உன் விடுதியில் வேறு யாருக்கும் இருக்கமாட்டாள். ஆனால் என்னை உனக்குத் தெரியும். எதிரில் ஆள் இருந்தால் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். ஃபோனில் உன் முகம் தெரிந்தால் மீதிப் பாதியும் போய்விடும். போன ஞாயிற்றுக்கிழமை அதுதான் நடந்தது. நீ ஒரு கேள்வி கேட்டாய், நான் 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தேன். அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி. அறையில் தோழிகள் இருந்தால் அவர்கள் வெளியே போன பிறகு படி.

உன் கேள்வி இதுதான். உன் நாவலைப் பற்றி யாரோ ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். 'சின்ன வயதில் புத்தகம் போட்டால் போதும், தமிழில் எழுத்தாளர் ஆகிவிடலாம். இதை முப்பது வயதுக்காரர் எழுதியிருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?' என்று. நீ அதைப் படித்துக் காட்டிவிட்டு, "ம்மா, வயச எடுத்துட்டா அதுல இன்னாமா கீது?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஆனால் இரண்டு வருடமாக நீ ஒரு பக்கம்கூட எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு வந்தபோது ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "இனிமே எழுதுனா நான் சும்மா ஒரு எழுத்தாளர்தானேமா, சின்னப் பொண்ணு இல்லையே" என்றாய். பதினெட்டு வயதில் ஒரு பெண் தனக்கு வயதாகிவிட்டது என்று சொல்வதை அன்றைக்குத்தான் கேட்டேன். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றேன்.

நீ கேட்ட அடுத்த நாளே பதிப்பாளர் என் ஃபோனுக்கு உன் நாவலின் இரண்டாம் பதிப்பின் அட்டையை அனுப்பினார். கழிமுகத்தின் படம் நன்றாக இருந்தது. உன் பெயருக்கு மேலே சிவப்பு வட்டம் ஒன்று, அதற்குள் 'பதினான்கு வயதில் எழுதிய நாவல்' என்று உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். சாப்பிட முடியவில்லை. அந்த எண் தப்பு, சந்தியா. நீ அந்த நாவலை எழுதியபோது உனக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. இப்போது உனக்குப் பதினெட்டு இல்லை, இன்னும் இரண்டு மாதத்தில் இருபது. இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவள் நான். உன் அப்பாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாததால், நீ பிறந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அப்போது நாங்கள் எண்ணூரில் இருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. வலி எடுத்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏறினோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அன்றைக்கு எண்ணூர் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. நம் ஊரில் அது புதிது இல்லை. ஆனால் உனக்குப் பொறுமை இல்லை. லாரிகளுக்கு நடுவில், ஆட்டோவிலேயே பிறந்தாய். பக்கத்தில் நடந்துபோன ஒரு மீன்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே ஏறி உன்னைப் பிடித்தாள். உன் அப்பா வெளியே நின்று டிரைவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "வண்டிய நவுத்துங்கடா, கொயந்த பொறக்குது!" ஒரு டிரைவர் மேலேயிருந்து எட்டிப்பார்த்து, "நான் நவுந்தா மட்டும் இன்னா நைனா, எனக்கு முன்னாடி நூறு வண்டி கீது, அவனுங்கள்ட்டயும் சொல்லு" என்றார். வழியில் இருந்த ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸம்மா உன்னைச் சுத்தம் செய்து, இருவரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். பிறப்பைப் பதிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

அடுத்து ஒரு வருடமும் பத்து மாதமும் கழித்து உன் தங்கை பிறந்தாள். ஆமாம், தங்கை. உனக்கு முன்னால் ஒருத்தி பிறந்து இறந்துபோனாள் என்று நாங்கள் சொல்லி வளர்த்தோமே, அவள் உனக்கு முன்னால் பிறந்தவள் இல்லை. அவள் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்ததால் சான்றிதழ் ஒழுங்காகக் கிடைத்தது. 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், பெயருக்கான இடம் காலியாக இருக்கும், பிறகு போய் எழுதிக்கொள்ளலாம். நாங்கள் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிட்டோம். காதுகுத்தும்போது பெயர் வைக்கலாம் என்று உன் அப்பா சொன்னார். அதற்குள் ஒரு வருடம் நாலு மாதத்தில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் போனதை நாங்கள் எங்கேயும் போய் எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

உன்னைப் பள்ளியில் சேர்க்கிற நேரம் வந்தபோது உனக்கு ஐந்து முடிந்திருந்தது. அப்போது நான் தபாலில் பி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா வீட்டிலும் சரி, உன் அப்பா வீட்டிலும் சரி, கல்லூரிப் பாடம் படித்த முதல் ஆள் நான்தான். அதனால் தெருவில் நிரப்ப வேண்டிய எல்லா ஃபாரமும் என் கைக்குத்தான் வரும். ரேஷன் கார்டு, பென்ஷன், வங்கி, எதுவாக இருந்தாலும், "படிச்ச பொண்ணு கீது, அதுகிட்ட குடு" என்று அனுப்பிவிடுவார்கள். பேனாவைக் கொடுத்தால் பயமில்லாமல் எழுதுவேன். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி உட்கார்ந்துவிட்டால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். உன் பிறப்பைப் பதிய, பதிவு அலுவலகத்துக்கு நான் தனியாகப் போனேன். உன் அப்பாவுக்கு அன்றைக்கு அனல்மின் நிலையத்தில் ஷிப்ட். எனக்குப் பின்னால் நீளமான வரிசை. ஜன்னலில் இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அஞ்சு வருசமா இன்னாமா பண்ணிகினு இருந்த? வருசம் தாண்டிட்டா இங்க எழுத முடியாது. கோர்ட்டுக்குப் போயி ஆர்டர் வாங்கினு வா."

எந்தக் கோர்ட்டு, யாரைப் பார்க்க வேண்டும், என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. பின்னால் இருந்த ஆள், "இன்னாமா, நின்னுகினே கீற? இங்கயே வூடு கட்டப் போறியா?" என்றார். வரிசையே சிரித்தது. என் கையில் இருந்த பிளாஸ்டிக் கவரில் வீட்டில் இருந்த எல்லாத் தாளும் இருந்தன. எது தேவைப்படும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தேன். ஜன்னல்காரர் அந்தக் கவரைப் பார்த்துவிட்டார். "அதுல இன்னா கீது, காட்டு" என்று வாங்கிப் புரட்டினார். குட்டியின் சான்றிதழ் கிடைத்தது. "இதான் கீதேமா! பேரு மட்டும்தான் எழுதல. இத்த வெச்சிகினு இன்னான்னமோ சொல்லிகினு நிக்கிற. கொயந்த பேரு சொல்லு."

வரிசையின் அவசரத்தில் தேதியை அவர் கவனிக்கவில்லை, அவர் மேல் தப்பில்லை. அவர் ஒரு நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தார். அது இவள் இல்லை, அது போய்ச் சேர்ந்துவிட்ட என் இன்னொரு பெண் என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த வரிசைக்கு முன்னால், அந்தச் சிரிப்புக்குப் பிறகு, என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. "சந்தியா" என்றேன். எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்தேன். அதில் உன் பெயரும் அவள் தேதியும் இருந்தன. அழுகை வரவில்லை. வேலை முடிந்தது என்ற நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதிக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பேப்பர்தானேமே, வுடு. ரெண்டு வயசு கம்மியா கீறதும் நல்லதுதான். நாளைக்குக் கவுருமென்ட்டு வேலைக்கு ரெண்டு வருசம் எச்சா பரீச்ச எழுதலாம்" என்றார். நம் பக்கத்தில் அது பெரிய விஷயமும் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வருடம் கூட்டிச் சொல்கிறவர்களும், குறைத்துச் சொல்கிறவர்களும் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளையை எல்.கே.ஜி.யில் உட்கார வைத்தோம். பிறகு திருவொற்றியூருக்குக் குடி வந்தோம். இங்கே உன் வயதைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பள்ளிப் படங்களில் எப்போதும் நீ கடைசி வரிசையில், எல்லாரையும்விட உயரமாக நிற்பாய். நீ அதற்காகக் கூனிக் கூனி நடந்தாய். நிமிர்ந்து நட என்று உன்னைத் திட்டினேன்.

இதுவரைக்கும் சொன்னது பயத்தில் செய்த தப்பு. அடுத்தது அப்படி இல்லை.

ஒன்பதாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் நீ மூன்று நோட்டு நிறைய எழுதி என்னிடம் கொடுத்தாய். என் அலுவலகம் உனக்குத் தெரியும், ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயாரிக்கிற இடம். மதிய இடைவேளைகளில் உன் நாவலை அங்கேதான் தட்டச்சு செய்தேன். ஆரம்பத்தில் ஒரு அம்மாவாகத் தட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல ஆகிவிட்டது. கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண், தண்ணீரின் சூட்டை வைத்தே அன்றைக்கு மின் நிலையம் ஓடுகிறதா இல்லையா என்று சொல்வாளே, அந்த இடத்தில் தட்டச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம்தான் ஒரு எழுத்துப் போட்டியின் விளம்பரம் வந்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் அனுப்பலாம், முதல் பரிசு பெறும் படைப்பு புத்தகமாக வெளிவரும் என்று இருந்தது. உனக்குப் பதினாறு என்று எனக்குத் தெரியும். விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். பிறந்த தேதி கேட்ட இடத்தில் குட்டியின் தேதியை எழுதிப் பள்ளிச் சான்றிதழை இணைத்தேன். ஜன்னலில் நின்ற அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தடவை என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை, பின்னால் வரிசை இல்லை. உன் புத்தகம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

பரிசு கொடுத்துப் புத்தகத்தையும் வெளியிட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு நீ மேடையில் இருந்தாய், நான் கீழே இருந்து பார்த்தேன். தலைமை விருந்தினர் உன் வயதை மூன்று தடவை கேட்டார். கதையைப் பற்றி ஒரு தடவையும் கேட்கவில்லை. பேசியவர்கள் எல்லாரும் "இந்த வயசுல இப்படியா!" என்றார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. வெளியே டீக்கடையில் உன் அப்பா புத்தகத்தைக் கடைக்காரரிடம் நீட்டி, "என் பொண்ணு எய்துனது" என்றார். அவர், "நீ படிச்சியாண்ணே?" என்று கேட்க, "நான் எதுக்குப் படிக்கணும், பின்னாடி போட்டோ கீது பாரு" என்றார். அன்றைக்கு அங்கே வந்தவர்களில் உன் அப்பா ஒருவர்தான் உண்மை பேசினார் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் பரிசு வாங்கிய பெண்ணை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. மீஞ்சூரிலிருந்து பள்ளிச் சீருடையில் வந்திருந்தாள். இரண்டாம் பரிசுக்குப் புத்தகம் கிடையாது, ஒரு சான்றிதழ் மட்டும். நீங்கள் இருவரும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டபோது அவளுடைய அம்மா என் தோளைத் தட்டினாள்.

"உம் பொண்ணாமே? பதினாலுன்றாங்க. எம் பொண்ணு பக்கத்துல நின்னா அக்கா மாரி கீது?"

"வளத்தி" என்றேன்.

"இன்னா போட்டு வளக்குற, எனக்கும் சொல்லேன், நானும் போடுறேன்" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு. அதில் சந்தேகம் இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் கதையைப் படிக்கலாமா என்று கேட்டேன். மடித்து வைத்திருந்த ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தாள். ஊருக்கெல்லாம் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கி அனுப்புகிற ஊரில், ஒரு தெரு காலையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிற கதை. யாரும் புலம்பமாட்டார்கள். குடங்களுக்குள் நடக்கிற சண்டையைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தாள். திரும்பி வரும்போது ரயிலில் படித்தேன். அவளுக்கு நிஜமாகவே பதினான்கு வயது. அந்தக் கதை இன்னும் எங்கேயும் புத்தகமாகவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இந்த நாலு வருடத்தில் புத்தகக் கண்காட்சிக்கு நான் தவறாமல் போயிருக்கிறேன். பெரியவர்களின் கூட்டத்தில் நிற்கக் கூச்சமாக இருக்கும், அதனால் சிறுவர் அரங்குகள் பக்கம் ஓரமாக நிற்பேன். ஒருமுறை பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் படம் போட்ட பெரிய பேனர். பக்கத்தில் அவள் அப்பா, "பேனாவைச் சாய்ச்சுப் பிடிம்மா, போட்டோல வரணும்" என்றார். அந்தப் பெண் பேனாவைச் சாய்த்தாள், எழுத்து கோணலாகப் போனது. வாங்கிப் படித்தேன். முக்கால்வாசி யாரோ பெரியவர் திருத்தியது போல வழவழவென்று இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம், 'அம்மாவுக்குக் கோபம் வந்தால் பாத்திரங்களுக்கும் கோபம் வருகிறது' என்று. அதை எந்தப் பெரியவரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. அந்த ஒரு வாக்கியத்துக்குக் கிடைக்க வேண்டிய கைதட்டலை அவள் பேனர் மறைத்துக்கொண்டு நின்றது. தகுதி இல்லாமல் வந்த புகழா என்று கேட்டால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வயதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களும் படிக்கவில்லை, வயதைச் சொல்லித் திட்டுகிறவர்களும் படிக்கவில்லை. நடுவில் அந்தப் பிள்ளை எழுதியது அப்படியே கிடக்கிறது.

நான் உன் நாவலைப் படித்திருக்கிறேன், தட்டியதையும் சேர்த்து ஐந்து தடவை. அதனால் சொல்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் போலீஸ் துரத்துவது சீரியலில் பார்த்தது, அதை நீயே இன்றைக்கு எடுத்துவிடுவாய். கடைசி இரண்டு அத்தியாயங்கள் பள்ளி திறக்கப்போகிறது என்ற அவசரத்தில் ஓடுகின்றன. மீன் விற்கிறவர்கள் எல்லாரும் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறார்கள், நீ அவர்களோடு ஒரு காலை நேரம் பேரம் பேசிப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டாய். இவை இருக்கட்டும். ஏழாவது அத்தியாயத்துக்கு வருகிறேன். ஒரு சின்னப் பெண் புடவைத் தூளியைத் தள்ளிவிடுகிறாள். தூளி போகிறது, வருகிறது. ஒருநாள் தள்ளும்போது அது கனமில்லாமல் வேகமாகத் திரும்பி வந்து அவள் முகத்தில் படுகிறது. அதில் பால் வாசனை மட்டும் இருக்கிறது. படித்தவர்கள் எல்லாரும் பேசிய பக்கம் அதுதான். 'பதினான்கு வயதில் எப்பேர்ப்பட்ட கற்பனை' என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். எங்கிருந்துடி எழுதினாய் என்று நான் கேட்டபோது, "தெரியலம்மா, தானா வந்துச்சு" என்றாய்.

அது தானாக வரவில்லை, சந்தியா. உனக்கு மூன்று வயது ஆகியிருந்தது. குட்டி போன மறுநாள், நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நீ எழுந்து போய் வழக்கம்போல அந்தத் தூளியைத் தள்ளினாய். அது உன் முகத்தில் பட்டது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் அப்பா வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு, தூளியை அவிழ்த்து எடுத்தார். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தபோது எனக்கு விரல் ஓடவில்லை. உனக்கு நினைவிருக்கிறது, அது நினைவு என்பது மட்டும் உனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் உன் தங்கை என்று ஆகும், உன் தேதி வெளியே வரும், பரிசு போகும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். வயதை எடுத்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே. இது இருக்கிறது. பதினான்கு வயதுக்காரி கற்பனை செய்தாள் என்பதைவிட, பார்த்த ஒருத்தி பதிமூன்று வருடம் சுமந்து எழுதினாள் என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதற்கு எந்த வயதும் தேவையில்லை. நீ நாற்பதில் எழுதியிருந்தாலும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆகவே நேற்று ஒரு வேலை செய்தேன். பதிப்பாளருக்கு நானே ஃபோன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். அட்டையிலிருந்து வயதை எடுத்துவிடுங்கள் என்றேன். "ஏம்மா, அதுதானே விக்குது?" என்றார். "அது விக்க வேணாம் சார்" என்றேன். "பின்ன எதை வெச்சு விக்கிறது?" என்று கேட்டார். இது தாளில் இல்லை. "நாவலை வெச்சு" என்று வந்துவிட்டது. பிறகு, சந்தியாவும் சொன்னால் எடுக்கிறேன், மாதக் கடைசிவரை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். அதனால் அந்த வட்டத்தை எடுக்கச் சொல்லி நீ அவருக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும். காரணம் கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு. புத்தகத்தின் முன்னால் போட வேண்டும் என்று நீ நினைத்தால் போடட்டும், எனக்குச் சம்மதம். யார் தப்பு செய்தது என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். உன் பெயருக்குக் கீழே என் தப்பு நிற்கக்கூடாது.

சான்றிதழைத் திருத்துவது பற்றி ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்தேன். சுலபமில்லை என்றார். பள்ளி, கல்லூரி என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கும், நாளாகும். உன் அப்பா சொன்ன அந்த இரண்டு வருடம் உனக்குப் போய்விடும். அதை நீ யோசித்து முடிவெடு, நான் அவசரப்படுத்தமாட்டேன். நீ சரி என்றால் கோர்ட்டுக்கு நான் போகிறேன். இப்போது எந்தக் கோர்ட்டு என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறது. உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "இத்தினி வருசம் கயிச்சு எதுக்குமே தோண்டுற, அது பேஜாரு" என்று முதலில் கோபப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "குட்டிக்கு இன்னா தேதி?" என்று கேட்டார். சொன்னேன். "அது தேதி அதுக்கே இருக்கட்டும்" என்றார்.

உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். எத்தனை நாள் பேசாமல் இருக்கத் தோன்றுகிறதோ அத்தனை நாள் இரு. ஆனால் எழுதாமல் மட்டும் இருக்காதே. சின்னப் பெண் என்ற பட்டம் போனால் போகட்டும், அது உன்னுடையதாகவே இருந்ததில்லை. அது போய்விடும் என்ற பயமும் இனி வேண்டாம். மெதுவாக எழுது. மோசமாக எழுது, கிழித்துப் போடு, மறுபடி எழுது. யாரிடமும் வயதைச் சொல்லாதே, கேட்டால் கதையைப் பற்றிக் கேட்கச் சொல். தட்டச்சு செய்ய நான் இருக்கிறேன். இந்தத் தடவை எதையும் நான் நிரப்பமாட்டேன், நீ எழுதியதை மட்டும் தட்டுவேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். டிவிக்கு மேல் இருக்கிற உன் பரிசுக் கேடயத்தை உன் அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இறக்கித் துடைக்கிறார். நம் வீட்டில் யாருடைய பெயரும் அதற்கு முன்னால் எதிலும் பொறிக்கப்பட்டதில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடு, கண்ணு. பதினைந்துக்கு உட்பட்டவர்களுக்கான பரிசு அது, அந்த வருடம் அதில் முதலாவதாக வந்தவள் மீஞ்சூர்ப் பெண். போட்டி நடத்தியவர்களுக்கு நீ உன் கையால் எழுத வேண்டும். அவள் அதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது, அதனால் முதலில் நாம் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். இந்தச் செமஸ்டர் முடிந்து வந்ததும், ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் என்னோடு மீஞ்சூருக்கு வா. அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன்.

அம்மா